எழுத்தும் இடமும்: உட்கருவுக்குள் டிஎன்ஏ மடியும் விதம்

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி வரும் தொழிற்பேட்டை பொம்மசந்திரா. 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ மஞ்சள் தடத்தின் கடைசி நிலையம் இங்கேதான் இருக்கிறது. பயோகான், சின்ஜீன் போன்ற நிறுவனங்களின் உயிரிமருந்துக் கூடங்கள் இந்த வட்டாரத்தில் உள்ளன. நாராயணா ஹெல்த் சிட்டியும், அதற்குள் புற்றுநோய் மையமும் எலும்பு மஜ்ஜை மாற்றுப் பிரிவும் இங்கேயே இயங்குகின்றன. நோயாளியின் சொந்த வெள்ளணுக்களில் புதிய மரபணுவைச் சேர்த்துப் புற்றுநோய்க்கு எதிராக ஏவும் கார்-டி சிகிச்சையில் ஈடுபட்டுள்ள இம்யூனீல் நிறுவனத்தின் கூடமும் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது.

மருந்து தயாராகும் தொட்டி, மஜ்ஜை வார்டு, கார்-டி கூடம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. எழுத்துப் பிழை ஏதும் இல்லாத மரபணு ஓரிடத்தில் சுறுசுறுப்பாகவும் இன்னோரிடத்தில் ஊமையாகவும் இருப்பது ஏன்? உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி மடிந்திருக்கிறது, அந்த மடிப்பில் மரபணு எங்கே அமர்ந்திருக்கிறது என்பதில் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. 150 ஆண்டுகளாகத் தொடரும் இந்த ஆய்வில் உறுதியாக நிற்பது எது, சரிந்துபோனது எது, இன்னும் வழக்கில் இருப்பது எது என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அந்தக் கதையில் பெங்களூருக்கும் சென்னைக்கும் வேலூருக்கும் பங்கு உண்டு.

இடப் பற்றாக்குறையா?

மனித செல் ஒன்றின் உட்கருவில் 46 குரோமோசோம்கள். அவற்றில் மொத்தம் 600 கோடிக்கும் மேற்பட்ட காரமூல இணைகள். ஒவ்வொரு இணையும் 0.34 நானோமீட்டர் உயரம் என்பதால், நீட்டி வைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர். உட்கருவின் குறுக்களவோ 10 மைக்ரானுக்குள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து வியப்பது பாடநூல் வழக்கம்.

கணக்கை முழுதாகப் போட்டால் வேறொன்று தெரிகிறது. டிஎன்ஏ இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான். 2 மீட்டர் இழையின் கனஅளவு 6 கன மைக்ரானைச் சற்றே தாண்டும். 8 மைக்ரான் குறுக்களவுள்ள உட்கருவின் கொள்ளளவு ஏறத்தாழ 268 கன மைக்ரான். ஆக, டிஎன்ஏ அடைத்துக்கொள்ளும் இடம் நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. இடம் போதாது என்பது சிக்கலே அல்ல. உண்மையான சிக்கல்கள் மூன்று. இழை நெடுகிலும் உள்ள பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளுகிறது. இவ்வளவு நீளமான இழை முடிச்சு விழாமல் இருக்க வேண்டும். வேண்டிய பகுதி வேண்டிய நேரத்தில் வாசிக்கக் கிடைக்கவும் வேண்டும்.

முதல் சிக்கலுக்கான விடை விரைவிலேயே கிடைத்தது. 1869இல் ட்யூபிங்கன் நகரில் ஃப்ரீட்ரிக் மீஷர், காயக் கட்டுகளில் இருந்த சீழிலிருந்து உட்கருப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1884இல் ஆல்பிரெக்ட் கோசெல், வாத்து இனப் பறவையின் ரத்தச் செல்களில் ஹிஸ்டோன் என்ற நேர்மின்னூட்டப் புரதத்தைக் கண்டார். டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது தெரிய இன்னும் 90 ஆண்டுகள் பிடித்தன. 1973இல் ஹூவிஷும் பர்கோயினும் எலியின் கல்லீரல் செல்களில் உள்ள டிஎன்ஏவை ஒரு நொதி சீரான இடைவெளியில் வெட்டுவதைக் கவனித்தார்கள். 1974இல் ஓலின்ஸ் தம்பதி மின்னணு நுண்ணோக்கியில் மணிமாலை போன்ற உருவத்தைக் காட்டினார்கள். அதே ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க் அதன் அமைப்பு விதியைச் சொன்னார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையைச் சுற்றி 147 காரமூல இணைகள் ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கின்றன. இதுவே நியூக்ளியோசோம். மனித செல் ஒன்றில் இவை ஏறத்தாழ 3 கோடி. 1997இல் கரோலின் லூகரும் திமதி ரிச்மண்டும் இதன் படிக அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் வெளியிட்டார்கள். இத்துறையில் யாரும் மறுக்காத அடித்தளம் இதுதான்.

ஆனால் நியூக்ளியோசோம் நீளத்தை ஆறேழு மடங்குதான் குறைக்கிறது. 2 மீட்டர் இன்னும் 30 சென்டிமீட்டராக மிஞ்சுகிறது.

பெங்களூர் எழுப்பிய ஐயம்

முடிச்சுச் சிக்கல் பற்றிய விவாதத்தில் பெங்களூருக்கு ஓர் இடம் உண்டு. இரட்டைச் சுருளில் இரண்டு இழைகளும் பத்தரை இணைக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. நகலெடுக்கும்போது கோடிக்கணக்கான சுற்றுகளையும் பிரித்தாக வேண்டும். இது நடைமுறையில் சாத்தியமா என்று 1970களில் கேட்டவர்களில் ஒருவர் வி. சசிசேகரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனோடு 1963இல் புரதங்களின் வடிவங்களுக்கான ராமச்சந்திரன் வரைபடத்தை உருவாக்கிய மூவரில் ஒருவர் அவர். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தின் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவில் பணியாற்றினார். 1976இல் அவரும் பட்டாபிராமனும் ஒரு மாற்று வடிவத்தை முன்வைத்தார்கள். இழை சிறிது தூரம் வலப்புறமும் சிறிது தூரம் இடப்புறமும் சுழன்றால், இரண்டு இழைகளும் பின்னிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாக இருக்கும், பிரிப்பதும் எளிது. அதே ஆண்டு நியூசிலாந்திலிருந்து ராட்லியின் குழுவும் இதையொத்த கருத்தை வெளியிட்டது.

அந்த வடிவம் நிலைக்கவில்லை. வட்ட வடிவ டிஎன்ஏவில் இழைகள் எத்தனை முறை பின்னியிருக்கின்றன என்பதை ஜெல்லில் எண்ணிப் பார்க்க முடிந்தது. அந்தச் சான்றுகளைத் திரட்டி 1979இல் கிரிக், வாங், பாவர் மூவரும் எழுதிய கட்டுரை விவாதத்தை ஏறக்குறைய முடித்துவைத்தது. செல் தன் முடிச்சுகளை அவிழ்க்க டோபோஐசோமரேஸ் என்ற நொதிகளை வைத்திருக்கிறது. அவை இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்டுகின்றன. ஆயினும் பெங்களூர்க் குழு எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. டிஎன்ஏ எல்லா இடத்திலும் ஒரே சீரான சுருள் இல்லை, எழுத்து வரிசைக்கேற்ப அதன் வளைவும் விறைப்பும் மாறும் என்ற ஆய்வு அங்கே வலுவாக வேரூன்றியது. ராமச்சந்திரனின் மாணவியான மஞ்சு பன்சல் இந்தத் துறையில் பல ஆண்டுகள் உழைத்தார். மரபணுக்களின் தொடக்கப் பகுதிகள் அக்கம்பக்கத்தைவிட நிலைத்தன்மை குறைந்தவை என்பதை வைத்தே அவற்றைக் கண்டுபிடிக்கும் முறையை அவர் குழு உருவாக்கியது. பொம்மசந்திராவுக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக் சிட்டியில் உள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமான ஐபாபின் தொடக்க இயக்குநராக இருந்தவரும் அவரே.

சரிந்த பாடநூல் படம்

நியூக்ளியோசோம் மாலை அடுத்து எப்படி மடிகிறது? 1976இல் ஃபின்ச்சும் ஆரன் க்ளூக்கும் அது 30 நானோமீட்டர் தடிமனுள்ள கம்பிச்சுருளாக மடிகிறது என்றார்கள். மணிமாலை, அதன்மேல் 30 நானோமீட்டர் சுருள், அதன்மேல் பெரிய சுருள், கடைசியில் எக்ஸ் வடிவக் குரோமோசோம் என்று படிப்படியாக ஏறும் படம் ஒரு தலைமுறை மாணவர்களின் மனத்தில் பதிந்துவிட்டது.

உயிருள்ள செல்லில் தேடியபோது அந்தச் சுருள் பொதுவாக அகப்படவில்லை. 2008இல் எல்ட்சோவ் குழு உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் பிரியும் செல்களைப் பார்த்தது. 30 நானோமீட்டர் அமைப்பு தென்படவில்லை. 2012இல் ஜப்பானில் மேஷிமா குழு எக்ஸ்-கதிர்ச் சிதறல் மூலம் அதையே உறுதிசெய்தது. 2017இல் சால்க் நிறுவனத்தைச் சேர்ந்த ஓ’ஷே குழு டிஎன்ஏவுக்குத் தனிச் சாயமேற்றி முப்பரிமாணப் படமெடுத்தபோது, 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிக்கொண்டேயிருக்கும் ஒழுங்கற்ற சங்கிலியைத்தான் கண்டது. கோழியின் ரத்தச் சிவப்பணு, நட்சத்திர மீனின் விந்தணு போன்ற சில செல்களில் மட்டும் 30 நானோமீட்டர் சுருள் மெய்யாகவே உண்டு. அவை மரபணு வாசிப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்ட செல்கள்.

இந்தச் சரிவு ஆய்வின் திசையை மாற்றியது. ஒழுங்கான படிக்கட்டு வடிவத்தைத் தேடுவதை விட்டு, எந்தப் பகுதி எந்தப் பகுதிக்கு அருகில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். மடிப்பு ஒரு சிலையாகக் கருதப்பட்ட காலம் போய், நிகழ்தகவாகக் கருதப்படும் காலம் வந்தது.

மண்டலங்களும் சென்னைக் கணக்கும்

குரோமோசோம்கள் உட்கருவில் கலந்து கிடக்கவில்லை, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மண்டலம் வைத்திருக்கிறது என்பதை 1885இல் கார்ல் ராப்ளும் 1909இல் தியோடோர் பொவேரியும் நுண்ணோக்கியை மட்டும் நம்பிச் சொன்னார்கள். பிறகு அது மறக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் கிரெமர் சகோதரர்கள் புற ஊதா லேசரால் உட்கருவின் ஒரு புள்ளியைச் சுட்டுப் பார்த்தார்கள். எல்லாக் குரோமோசோம்களும் கலந்து கிடந்திருந்தால் பலவற்றில் காயம் பட்டிருக்கும். பட்டதோ ஒரு சிலவற்றில் மட்டுமே. 1999இல் வெண்டி பிக்மோர் குழு 18, 19 ஆகிய குரோமோசோம்களை ஒப்பிட்டது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மரபணு குறைந்த 18 விளிம்பிலும், மரபணு செறிந்த 19 நடுவிலும் இருந்தன.

ஏன் அப்படி? சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் கௌதம் மேனன், நிர்மலேந்து கனாய், சுரஜித் சென்குப்தாவுடன் சேர்ந்து 2014இல் ஒரு கணக்கு விடையை முன்வைத்தார். வாசிக்கப்படும் மரபணுக்களைச் சுற்றி நொதிகள் ஆற்றலைச் செலவழித்தபடி இருக்கின்றன. அந்தச் சலசலப்பால் அப்பகுதிகள் அதிக வெப்பத்தில் இருப்பவை போல நடந்துகொள்ளும் என்று எடுத்துக்கொண்டால் போதும். மரபணு செறிந்த குரோமோசோம்கள் உள்ளேயும் மற்றவை விளிம்பிலும் தாமாகப் பிரிந்துவிடுகின்றன. அமைவிடத்துக்குத் தனி முகவரிச்சீட்டு தேவையில்லை, செயல்பாடே இடத்தைத் தீர்மானிக்கிறது என்பது இதன் சாரம். இது எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. விளிம்பில் உள்ள லேமின் வலை அடங்கிய பகுதிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதும் உண்மை. இரவில் நடமாடும் பாலூட்டிகளின் விழித்திரைக் கோல் செல்களில் அந்தப் பிடிப்பு இல்லை. அங்கே அடங்கிய பகுதி நடுவில் திரண்டு, மரபணுப் பகுதி விளிம்புக்குப் போய், உட்கரு ஒளியைக் குவிக்கும் சிறு வில்லையாகவே மாறுகிறது. 2009இல் இரினா சொலவேய் குழு கண்ட இந்த விதிவிலக்கு, விளிம்பின் பிடிப்பும் அடங்கிய பகுதிகளுக்குள் உள்ள ஈர்ப்பும் தனித்தனி விசைகள் என்று காட்டியது.

எந்தப் பகுதி அடங்கும், எது விழித்திருக்கும் என்பதில் ஹிஸ்டோன் வால்களின் மீதான வேதிக் குறிகளுக்குப் பெரும் பங்குண்டு. அசிட்டைல் குறி ஏறினால் மின்னூட்டப் பிடி தளர்ந்து பகுதி திறக்கிறது. பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு மையத்தில் தபஸ் குண்டுவின் குழு, பி300 என்ற அசிட்டைல் ஏற்றும் நொதியைத் தடுக்கும் சேர்மங்களை நம் ஊர்ப் பொருள்களிலேயே கண்டது. 2003இல் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலம். 2004இல் கோகம் பழத்தின் கார்சினாலும் மஞ்சளின் குர்குமினும். இவை ஆய்வுக் கருவிகள். மஞ்சள் தின்றால் டிஎன்ஏவின் மடிப்பு மாறும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

வளையங்கள்

2002இல் யோப் டெக்கர் கொண்டுவந்த ஒரு வேதியியல் உத்தி இத்துறைக்குப் புதிய கண்ணைத் தந்தது. உட்கருவில் அருகருகே இருக்கும் டிஎன்ஏ பகுதிகளை ஃபார்மலின் கொண்டு பிணைத்து, வெட்டி, ஒட்டினால், இழையில் தொலைவில் உள்ள இரண்டு துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அவற்றின் வரிசையைப் படித்தால் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று தெரிந்துவிடும். 2009இல் இதை முழு மரபணுத்தொகைக்கும் விரித்தது ஹை-சி முறை. அதில் முதலில் தெரிந்தது பெரும்பிரிவு: விழித்திருக்கும் ஏ அறை, அடங்கியிருக்கும் பி அறை. 2012இல் தெரிந்தது நடுத்தர அளவு: சில லட்சம் முதல் பத்து லட்சம் எழுத்துகள் வரை நீளமுள்ள, தமக்குள்ளேயே அதிகம் உறவாடும் வட்டாரங்கள். இவற்றுக்கு டேட் என்று பெயர். 2014இல் சுஹாஸ் ராவ், லீபர்மன் ஐடன் குழு ஏறத்தாழ 10,000 வளையங்களை எண்ணியது. பெரும்பாலான வளையங்களின் இரு அடிகளிலும் சிடிசிஎஃப் என்ற புரதம் நின்றது. அதன் இரண்டு குறிச்சொற்களும் ஒன்றையொன்று நோக்கியிருந்தன.

லட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் உள்ள இரண்டு குறிகள் தம் திசையை எப்படி அறிந்துகொள்ளும்? இழையின் மீது ஏதோ ஒன்று தொடர்ச்சியாக ஊர்ந்து வந்தால்தான் அது முடியும். கொஹீசின் என்ற வளையப் புரதம் டிஎன்ஏவைப் பிடித்து வளையமாக இழுத்துக்கொண்டே போகிறது, எதிர்நோக்கும் சிடிசிஎஃப் தடுத்தால் நிற்கிறது என்ற விளக்கம் 2015, 2016இல் கணினிக் கணக்குகளாக வந்தது. 2018இல் அது கண்ணால் பார்க்கப்பட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் சேஸ் டெக்கரின் கூடத்தில் மஹிபால் கஞ்சி, டிஎன்ஏ இழையின் இரு முனைகளையும் கண்ணாடியில் கட்டிவைத்து, கொஹீசினின் உறவுப் புரதமான ஈஸ்ட் கண்டென்சினைச் சேர்த்தார். கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் ஒரே இடத்தில் நின்று கயிற்றை இழுக்க இழுக்கக் காலடியில் கயிறு சேர்வதுபோல, புரதம் ஓரிடத்தில் ஊன்றி நின்று ஒரு பக்கத்து இழையை மட்டும் இழுத்துச் சேர்த்தது. வேகம் நொடிக்கு 1,500 எழுத்துகள் வரை. மறு ஆண்டே மனிதக் கொஹீசினும் இதைச் செய்வதாக இரண்டு குழுக்கள் காட்டின. கஞ்சி இப்போது இந்திய அறிவியல் கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் இருக்கிறார்.

குளோபின் சொன்ன சாட்சி

வளையங்கள் இருப்பது ஒன்று. அவற்றால் மரபணு இயங்குகிறதா என்பது வேறொன்று. இதற்கு ஆகச் சிறந்த சாட்சி ரத்தத்திலிருந்து வந்தது. 11ஆம் குரோமோசோமில் ஹீமோகுளோபினுக்கான குளோபின் மரபணுக்கள் வரிசையாக உள்ளன: கருவுக்கானவை முதலில், பெரியவர்களுக்கான பீட்டா கடைசியில். 1983இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு தலசீமியா நோயாளியின் டிஎன்ஏவை ஃபிராங்க் க்ரோஸ்வெல்டின் குழு ஆராய்ந்தது. பீட்டா மரபணுவில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. வெளியே எடுத்துச் சோதித்தால் அது ஒழுங்காக வேலை செய்தது. ஆனால் நோயாளியின் செல்லில் அது ஊமை. காரணம், அதற்கு முன்னால் ஏறத்தாழ 1,00,000 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி தொலைந்திருந்தது. அந்தப் பகுதியில்தான் குளோபின் குடும்பம் முழுவதையும் இயக்கும் கட்டுப்பாட்டுத் துண்டு இருக்கிறது என்று 1987இல் தெளிவானது.

பீட்டா மரபணுவிலிருந்து ஏறத்தாழ 50,000 எழுத்துகள் தள்ளியிருக்கும் அந்தத் துண்டு, சிவப்பணு உருவாகும்போது வளைந்து வந்து மரபணுவைத் தொடுகிறது என்று 2002இல் காட்டப்பட்டது. தொடுவதுதான் காரணமா, அல்லது இயங்கத் தொடங்கியதன் விளைவா? 2012இல் ஜெர்ட் ப்ளோபெல் குழு செயற்கைப் புரதம் ஒன்றால் அந்த வளையத்தை வலுக்கட்டாயமாக உண்டாக்கியது. மரபணு இயங்கத் தொடங்கியது. 2014இல் அதே உத்தியால், பெரியவர்களின் செல்லில் அடங்கிக் கிடந்த கருக்கால குளோபினையும் எழுப்பிவிட்டது. மடிப்பே காரணமாகவும் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான சோதனை குறைவு.

இந்த அறிவு மருந்தாகவும் மாறியது. கருக்கால குளோபினை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்ற புரதம். சிவப்பணுவில் மட்டும் அப்புரதத்தின் உற்பத்தியைத் தூண்டும் ஊக்கித் துண்டு, அதன் மரபணுவின் இடைப்பகுதியிலேயே இருக்கிறது. அந்தத் துண்டை கிரிஸ்பர் கத்தரியால் வெட்டினால், பழுதான பீட்டாவுக்கு ஈடாகக் கருக்கால குளோபின் திரும்பி வருகிறது. 2023 இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற கேஸ்ஜெவி சிகிச்சை இதுதான். அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கிய வேலூர் சிஎம்சியின் ஸ்டெம் செல் மையத்தில், கருக்கால குளோபின் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் ஒற்றை எழுத்துகளைத் திருத்தி அவற்றை எழுப்பும் ஆய்வை மோகன்குமார் முருகேசன் குழு 2022இல் வெளியிட்டது. தலசீமியாவும், 1952லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட அரிவாள் செல் பண்பும் பரவியுள்ள நாட்டில், விலை குறைந்த உள்ளூர் வழி தேவைப்படுவதில் வியப்பில்லை.

வழக்கில் இருப்பவை

2017இல் வந்த ஒரு முடிவு துறையைத் திடுக்கிட வைத்தது. மனிதப் பெருங்குடல் புற்றுச் செல்களில் கொஹீசினைச் சில மணி நேரத்தில் அழித்தபோது வளையங்கள் எல்லாமே மறைந்தன. ஆனால் மிகச் சில மரபணுக்களின் அளவே பெரிதாக மாறியது. 2019இல் ஈக்களின் குரோமோசோம்களைத் தாறுமாறாகப் புரட்டிப் பார்த்ததிலும் டேட் எல்லைகள் பல உடைந்தும் பெரும்பாலான மரபணுக்கள் அசரவில்லை. 2022இல் உயிருள்ள எலிச் செல்களில் ஒரு வளையத்தைத் தொடர்ந்து கவனித்தபோது, அது முழுதாக மூடியிருந்த நேரம் நூற்றுக்கு 3 முதல் 6.5 பங்குதான்; ஒரு முறை மூடினால் 10 முதல் 30 நிமிடம். ஹை-சி வரைபடத்தில் அழுத்தமாகத் தெரியும் புள்ளி, பெரும்பாலான செல்களில் பெரும்பாலான நேரம் இல்லாத ஒன்று.

இதை வைத்து மடிப்புக்கு வேலையே இல்லை என்று சொல்பவர்கள் எதிர்ச்சான்றைக் கவனிக்க வேண்டும். கைகால் விரல்களை வடிவமைக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் ஊக்கித் துண்டு, ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் இருக்கிறது. அதில் ஓரெழுத்து மாறினாலும் பெருவிரல் பக்கம் கூடுதல் விரலோடு குழந்தை பிறக்கலாம். 2015இல் பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸ் குழு, இபிஎச்ஏ4 மரபணுவின் வட்டார எல்லை அறுந்த குடும்பங்களில் விரல்கள் குட்டையாவதையும் ஒட்டிக்கொள்வதையும் விளக்கியது. எல்லை போனதும் ஊக்கித் துண்டு பக்கத்து வட்டார மரபணுவை எழுப்பிவிடுகிறது. நோய்க்கிருமியைக் கண்டதும் விழிக்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களில் கொஹீசின் இல்லாவிட்டால் அந்த எதிர்வினையே குலைகிறது என்று 2018இல் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் தீர்ப்பு இது. ஊக்கித் துண்டு பக்கத்திலேயே இருக்கும் மரபணுவுக்கும், ஏற்கெனவே நிலைபெற்ற செல்லுக்கும் வளையங்கள் பெரிதாக வேண்டியதில்லை. தொலைவில் உள்ள துண்டை நம்பியிருக்கும் மரபணுவுக்கும், தன் நிலையை மாற்றிக்கொள்ள வேண்டிய செல்லுக்கும் அவை இன்றியமையாதவை. சில நிமிடத் தொடுகை எப்படிப் பல மணி நேர இயக்கமாக நீடிக்கிறது என்பதும், அடங்கிய பகுதிகள் திரவத் துளிபோல் திரள்கின்றனவா அல்லது இழைகள் ஒட்டிக்கொள்வது மட்டும்தானா என்பதும் இன்னும் தீராதவை.

தொட்டியிலும் வார்டிலும்

இடம் முக்கியம் என்பதை முதலில் காட்டியது ஓர் ஈ. 1930இல் ஹெர்மன் முல்லர், எக்ஸ்-கதிரால் இடம்பெயர்ந்த சிவப்புக் கண் மரபணு, அடங்கிய பகுதிக்குப் பக்கத்தில் விழுந்தால் கண்ணில் வெள்ளைத் திட்டுகள் வருவதைக் கண்டார். எழுத்து அதேதான், அக்கம்பக்கம்தான் வேறு.

உயிரிமருந்துத் தொழிற்சாலையில் இதே சிக்கல் அன்றாடம். டிரஸ்டுஸுமேப் போன்ற எதிர்ப்பொருள் மருந்துகள் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் தயாராகின்றன. மருந்துக்கான மரபணுவைச் செல்லுக்குள் செலுத்தினால் அது குரோமோசோமில் தற்செயலான இடத்தில் அமரும். அடங்கிய பகுதியில் அமர்ந்தால் விளைச்சல் குறையும். தொடக்கத்தில் நன்றாக இருந்தாலும் நாள்பட அடங்கிப்போகக்கூடும். அதனால்தான் ஏராளமான செல் வரிசைகளை வளர்த்து, சோதித்து, நிலையான ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. அக்கம்பக்கத்தின் தாக்கத்தைத் தடுக்கும் காப்புத் துண்டுகளை மரபணுவின் இரு பக்கமும் வைப்பது ஒரு தீர்வு. 1993இல் கேரி ஃபெல்சன்ஃபெல்ட் குழு கோழியின் குளோபின் பகுதியில் கண்ட காப்புத் துண்டு அவற்றில் புகழ்பெற்றது. அதைப் பிடித்திருப்பது சிடிசிஎஃப் என்று அதே கூடம் 1999இல் காட்டியது.

கார்-டி சிகிச்சையில் பணயம் இன்னும் பெரிது. 2025 ஜனவரியில் இம்யூனீல் அறிமுகப்படுத்திய கார்டெமியில், எச்ஐவி குடும்பத்து வைரஸிலிருந்து உருவாக்கிய கடத்தியே மரபணுவைக் கொண்டுசேர்க்கிறது. இந்த வகை வைரஸ்கள் விழித்திருக்கும் மரபணுக்களையே விரும்பி அமர்கின்றன. 2018இல் வெளியான பென்சில்வேனிய ஆய்வில், ஒரு நோயாளியிடம் கார் மரபணு டெட்2 மரபணுவின் நடுவில் அமர்ந்துவிட்டது. அந்த ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் பெருகி அவருடைய ரத்தப் புற்றைத் துடைத்தெறிந்தன. பாரிசில் நடந்த பழைய மரபணுச் சிகிச்சை ஒன்றில் நடந்தது நேர்மாறு: எல்எம்ஓ2 மரபணுவுக்கு அருகில் அமர்ந்த வைரஸின் ஊக்கித் துண்டு, குழந்தைகளுக்கு ரத்தப் புற்றையே வரவழைத்தது.

புற்றுநோயும் இதே தந்திரத்தைக் கையாள்கிறது. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றில் 9, 22 குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. உடையும் அந்த இரண்டு இடங்களும் ரத்த முன்னோடிச் செல்களில் அடிக்கடி பக்கம் பக்கமாக இருக்கின்றன. 3ஆம் குரோமோசோம் தலைகீழாகத் திரும்பும் ஒருவகைக் கடும் ரத்தப் புற்றில், ஒரே ஊக்கித் துண்டு கேட்டா2 மரபணுவை விட்டு நீங்கி ஈவி1இடம் போய்ச் சேர்கிறது. ஒன்று பட்டினி, மற்றொன்று வெறி. இரண்டு மரபணுக்களிலும் எழுத்துப் பிழை இல்லை.

அடுத்த தேவை

2025 ஜனவரியில் இந்திய அறிவியல் கழக வளாகத்தின் மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம், 10,000 இந்தியர்களின் மரபணுத்தொகை வரிசையை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதில் உள்ள வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை புரதம் செய்யும் பகுதிகளுக்கு வெளியே இருப்பவை. அவற்றில் எது ஊக்கித் துண்டைக் கெடுக்கிறது, எது வட்டார எல்லையை உடைக்கிறது, எது எதுவும் செய்யாமல் கிடக்கிறது என்பதை எழுத்து வரிசை மட்டும் சொல்லாது. சிவப்பணு முன்னோடி, கல்லீரல், இன்சுலின் சுரக்கும் செல் என்று திசுவுக்குத் திசு மடிப்பு வரைபடம் வேண்டும்.

மருத்துவத்திலும் இதன் விளைவு உண்டு. பீட்டா மரபணுவை மட்டும் வாசித்துவிட்டுப் பிழை இல்லை என்று சான்று தரும் சோதனை, 1983இன் டச்சு நோயாளியைப் போன்றவரைத் தவறவிட்டுவிடும். பெரிய இழப்புகளையும் இடமாற்றங்களையும் சேர்த்துப் பார்க்கும் சோதனைகள் வழக்கமாக வேண்டும். பெங்களூரில் ஒற்றை மூலக்கூறு இயற்பியல் இருக்கிறது, சென்னையில் கணக்கு பிறந்தது, வேலூரில் குளோபின் அனுபவம் இருக்கிறது, பொம்மசந்திராவில் நோயாளிகளும் செல் தொட்டிகளும் ஒரே பேட்டைக்குள் இருக்கின்றன. எழுத்து வரிசையைப் படிக்கச் செலவிட்ட பணத்தில் ஒரு பங்கை மடிப்பைப் படிக்கவும் ஒதுக்கினால், அந்த 10,000 தொகுதிகளின் மதிப்பு பன்மடங்காகும். ஒதுக்காவிட்டால் நம்மிடம் இருப்பது இடஞ்சுட்டாத எழுத்துகள் மட்டுமே. எந்த எழுத்து நோய் தரும் என்று கேட்டுவரும் குடும்பத்துக்கு அதை வைத்துப் பதில் சொல்ல முடியாது.